திரை இறக்கிய ஆட்டோ

என் வீட்டுக்காரிக்கு வாய் அதிகம். கல்யாணமான புதிதில் இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. காலையில் ரொட்டி தட்டும்போது தொடங்கினால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் பேசிக்கொண்டே போவாள். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதும் பேச்சு. சாயந்திரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை என்னிடம் ஆரம்பிப்பாள். "கொஞ்சம் மூச்சு விடு புள்ள" என்பேன். "மூச்சு விட்டுக்கிட்டுத்தாங்க பேசுறேன்" என்பாள். எனக்கும் வாய் குறைச்சல் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவன், நாள் முழுக்க பஸ்காரனோடும் ஹயர் பேசி வண்டியில் ஏறுகிறவனோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டால் அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் ரேடியோ போட மாட்டார்கள்.

அந்த வாய்தான் ஒருநாள் நின்று போனது.

பொகவந்தலாவை போகிற ரோட்டிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அன்றைக்கு மலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. தேயிலைச் செடிக்குள் கூடு இருப்பது யாருக்கும் தெரியாது, கை பட்ட பிறகுதான் தெரியும். எல்லாரும் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரியை முகம் வீங்கிக் கண் தெரியாத நிலையில் தூக்கி வந்தார்கள். அவளுக்குப் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த கூட்டாளி அங்கேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தக் கூட்டாளி எங்களுக்கு அடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். கல்யாணம் கட்டாமல் தாயோடேயே இருந்தவள். இவளும் அவளும் ஒரே வயது, ஒரே நாளில் பேர் பதிந்து வேலைக்குப் போனவர்கள், நிரை பிடித்தால் பக்கத்துப் பக்கத்தில்தான் பிடிப்பார்கள். அவளுடைய அம்மாவை நாங்கள் இரண்டு பேரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம். சொந்தம் ஒன்றும் கிடையாது, லயத்துச் சொந்தம்தான்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு வீக்கம் வடிந்தது, காய்ச்சல் போனது. ஆள் பழையபடி ஆகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். காலையில் எழும்பி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுவாள், கூடையைத் தலையில் மாட்டுவாள், வாசல் வரைக்கும் வருவாள். அங்கேயே நிற்பாள். எதிரே தேயிலைதான், எங்கள் வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கூடையைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு வார்த்தை கிடையாது. மறுநாளும் அதே கூத்து. பிறகு படங்கு கட்டுவதையும் விட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகக்கூட வாசலைத் தாண்ட மாட்டாள். தூக்கமும் போய்விட்டது. நான் எப்போது கண் விழித்தாலும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருந்தார். மகளைப் பறிகொடுத்தவர், என் பெண்டாட்டிக்காக உருகிப் போனார். "புள்ள, சாப்பிட்டியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். துக்கம் கேட்க வருகிற ஆட்களிடம் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "என் மக தனியாப் போகல. கடைசி வரைக்கும் இந்தப் புள்ளதான் பக்கத்துல இருந்துச்சு. அது ஒண்ணு போதும் எனக்கு." இதைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொள்வாள். துக்கம் தாங்காமல் பொத்துகிறாள் என்று நினைத்தேன்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பயந்துவிட்டாள், பயந்த இடத்து மண்ணை எடுத்து வந்து சுத்திப் போட வேண்டும் என்றார்கள். நானே அந்த மலைக்குப் போய் மண் அள்ளிக்கொண்டு வந்தேன். சுத்திப் போட்டார்கள், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகலையில் கட்டிக் கொடுத்த எங்கள் மகள் கைப்பிள்ளையோடு வந்து இருந்து பார்த்தாள். பேத்தியை மடியில் வைத்தால் வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். மகள் பொறுக்க முடியாமல் அழுதுவிட்டுப் போனாள். கடைப்பக்கம் இருந்து ஒருத்தன், "அண்ணே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, அங்க கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்று கொழும்புப் பக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஓர் ஊரின் பேரைச் சொன்னான். அந்த ஊர்ப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அது ஊர்ப் பேர் இல்லை, வசவு. அவனை நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத முடியாது.

ஒருநாள் மத்தியானம் சோறு போட்டு வைத்தேன். பிசைந்துகொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள். "நான் இல்லாட்டி நீங்க எப்படிங்க இருப்பீங்க?"

"ஏன், எங்க போகப் போற?"

மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளைத் தனியே விட்டுவிட்டு ஹயர் போக மனசு வரவில்லை. போனாலும் பாதி வழியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். சும்மா சொல்லவில்லை, எனக்கு அவள் இல்லாமல் சரிப்பட்டு வராது. சண்டை போடக்கூட ஓர் ஆள் வேண்டுமே.

அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாளே ஆஸ்பத்திரி என்று முடிவு கட்டினேன். வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள். கடைசியில் ஆட்டோவை வாசலோடு ஒட்டி நிறுத்தி, மழைக்குப் போடுகிற ரெக்ஸின் திரையை இரண்டு பக்கமும் இறக்கிக் கொக்கி மாட்டிக் காட்டினேன். "இதுக்குள்ள ஈ கூட வராது, பாரு" என்றேன். திரையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். நல்ல வெயில். அந்த வெயிலில் திரையை மூடிக்கொண்டு போகிற ஆட்டோவைப் பார்த்து ரோட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஆஸ்பத்திரியில் மனசு சரியில்லாதவர்களைப் பார்க்கிற கிளினிக்குக்கு நான் எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். யாரும் ஆஸ்பத்திரி கேட்டில் இறங்க மாட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே பேக்கரி பக்கத்தில் இறங்கி, பாண் வாங்க வந்த மாதிரி நின்று, ஆள் நடமாட்டம் பார்த்துப் பிறகு நடப்பார்கள். இவளும் திரைக்குள்ளிருந்து "பேக்கரிகிட்ட நிப்பாட்டுங்க" என்றாள். "நீ பாண் வாங்கவா வந்த?" என்று கேட்டுவிட்டு நேரே கேட்டுக்கு உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்டர் சிங்களவர். சின்ன வயது, நல்ல மனுசன். நாங்கள் உள்ளே போனதும் எழும்பி அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். ஆனால் என் சிங்களம் ஹயர் பேசுகிற சிங்களம். எங்கே போகணும், எவ்வளவு, சில்லறை இருக்கா, அவ்வளவுதான் அதற்குள் அடங்கும். என் பெண்டாட்டி மனசுக்குள் என்ன கிடக்கிறது என்று அதில் எப்படிச் சொல்வது? தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை என்று இல்லை இல்லையாகவே சொல்லி முடித்தேன். அவள் என்னிடம் கேட்ட கேள்வியையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படிப் பேசினால் லேசாக எடுக்கக் கூடாது, நீங்கள் கூட்டி வந்தது நல்லது என்றார். தூங்குவதற்கு மாத்திரை தந்தார். மாத்திரை மட்டும் போதாது, இந்த அம்மா தமிழில் யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குப் படித்த ஆள் வேண்டும் என்றார். இங்கே இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், புது ஆள் இன்னும் வரவில்லை என்று அவரே தலையைச் சொறிந்தார்.

தமிழில் உட்கார்ந்து பேசுகிற ஆளைத் தேடி நான் அலைந்த கதையை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். ஹட்டனில் போன் கடைக்கு மேல்மாடியில் ஆலோசனை நிலையம் என்று போர்டு பார்த்து மூச்சு வாங்க ஏறினேன். உள்ளே டை கட்டிய பையன், "எந்த நாட்டுக்கு அங்கிள்?" என்றான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற இடமாம். எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருத்தர், கண்டியில் ஒருவர் இருக்கிறார், பெரிய ஆள் என்றார். பெரிய ஆளிடம் போக இவள் முதலில் கண்டி வரைக்கும் வர வேண்டுமே. இன்னொருத்தர், தான் நன்றாகப் புத்தி சொல்வதாகவும் கூட்டி வந்தால் தானே பேசுவதாகவும் சொன்னார். அவர் புத்தி சொல்லிப் பிரிந்து போன குடும்பம் இரண்டை எனக்குத் தெரியும்.

கடைசியில் ஆள் கிடைத்தது மகள் மூலமாக. பிள்ளையை நிறுக்க வருகிற மிட்வைஃப் மிஸ்ஸிடம் அவள் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த மிஸ், கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இதற்கென்றே படித்துவிட்டு ஹட்டனில் வேலை செய்கிறாள் என்று ஒரு நம்பரைக் கொடுத்தார். அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. நம் மகள் வயசுதான் இருக்கும், இது என்ன செய்யப் போகிறது என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்காவால இப்ப இவ்வளவு தூரம் வர முடியாதுங்க அண்ணே. முதல்ல போன்ல பேசிப் பாப்போம். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறேன். அக்காவ மட்டும் தனியா இருக்க விடுங்க" என்றாள்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் பீலிப் பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் போனைக் காதில் வைத்தபடி "ம்" என்கிறாள். பிறகு "இல்லீங்க மிஸ்". பிறகு மறுபடியும் "ம்". அடுத்த தடவையும் அப்படியேதான். அதற்கு அடுத்த தடவையும் ம்மைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. போனைப் பிடுங்கி, "மிஸ், இதுக்கு நான் ஒரு ஆட்டுக்குட்டியக் கட்டி வச்சாக்கூட ஏதாவது சத்தம் போடும்" என்றேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க லயத்துலயா இருக்கீங்க?"

"வேற எங்க, பங்களாவுலயா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?"

சொன்னேன். செத்துப்போன கூட்டாளியின் அம்மா என்றேன்.

"ஐயோ அண்ணே" என்றாள். "மொதல்ல அதத்தானே கேட்டிருக்கணும். நானும் லயத்துல பொறந்தவதான். இப்ப கதவு சாத்துன ரூமுல உக்காந்து பேசிப் பேசி, நம்ம சுவர் கூரை வரைக்கும் போகாதுங்கறதே மறந்து போச்சு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவளாவது டவுனில் இருந்து மறந்தாள். நான் அதே காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் தும்முகிற வீடு இது. சண்டையைச் சத்தம் போட்டுத்தான் போடுவோம், ஆனால் மனசில் உள்ளதை வீட்டுக்குள் வைத்துப் பேசுகிற பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. பெண்கள் அதை மலைக்குக் கொண்டு போவார்கள். கங்காணி தள்ளி நிற்கும் நேரம் பார்த்து, நிரைக்கு நிரை, செடிக்கு மேலே தலையைக் குனிந்துகொண்டு பேசித் தீர்ப்பார்கள். இவளும் இவ்வளவு காலம் அப்படித்தான். இப்போது கேட்கிறவளும் போய்விட்டாள், பேசுகிற இடத்துக்கும் போக முடியாது. வீட்டுக்குள் எதைச் சொன்னாலும் பெரியம்மா காதில் விழும். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வேற எங்கயாவது தனியா இருக்க எடம் இருக்கா அண்ணே? கோயில், பிள்ளை மடுவம்?"

"கோயில்ல பூசாரி. பிள்ளை மடுவத்துல பிள்ளைங்க. சாவி கேட்டா எதுக்குன்னு தோட்டமே கேக்கும். அதோட இவ வெளிய வர மாட்டா மிஸ். ஆட்டோவுல திரையை எறக்கி விட்டாத்தான் வருவா."

"அப்ப ஆட்டோவுலயே பேசுவோம்" என்றாள் அந்தப் பெண்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டாள். ஒல்லியாக, கையில் குடையோடு, தோளில் ஒரு பையோடு நின்றாள். நான் இவளைத் திரைக்குள் வைத்து ஓட்டிக்கொண்டு வந்து, தொழிற்சாலைக்குக் கீழே வளைவில், ஆள் அதிகம் நிற்காத இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்தினேன். அந்தப் பெண் திரையை விலக்கி உள்ளே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும். சத்தம் கேக்காத தூரத்துக்கு" என்றாள்.

என் ஆட்டோ. என் பெண்டாட்டி. நான் மழைத் தூறலில் மதகுக் கட்டில் போய் உட்கார்ந்தேன்.

ஆள் அதிகம் வராத இடம் என்றேனே, அன்றைக்கு என்று பார்த்து எல்லாரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். குடையில்லாமல் ஓடி வந்த ஒருவர், "வண்டி வருமா?" என்றார்.

"வராது."

"சும்மாதானே நிக்குது?"

"உள்ள ஆளு இருக்கு."

"யாரு?"

"ஒங்க மாமியா" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஸ்டாண்டில் ஓடுகிற பையன் தன் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, நீங்க வெளிய நனையிறீங்க, உள்ள திரையப் போட்டுப் பிரசவமா நடக்குது?" என்று கேட்டான். "ஆமாடா, கொஞ்சம் கஷ்டமான பிரசவம். நீ போ" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெக்ஸின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

வெகு நேரம் கழித்து அந்தப் பெண் இறங்கினாள். என்ன சொன்னாள் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, என்ன பேசுனோம்னு அக்காகிட்ட கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேளுங்க. சொல்லாட்டியும் பரவாயில்ல" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கே தெரியும். நான் ஊர் வம்பு எல்லாம் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருகிற ஆள். கட்டினவனிடம் சொல்லாததை நேற்று வந்தவளிடம் சொல்கிறாளே என்று பொறாமையாகக்கூட இருந்தது. பொறாமைதான், வேறு என்ன பேர் வைப்பது. வீடு வரும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அன்றைக்குச் சாயந்திரம் நான் வைத்த பருப்பை வாயில் வைத்துவிட்டு, "உப்பு போடலயா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுப்படிக்குள் போய், உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி நின்று அழுதேன்.

அந்தப் பெண் வாராவாரம் கிழமை தவறாமல் வந்தாள். மழை என்றாலும் வந்தாள், பஸ் ஓடாத நாளில் லொறியில் தொற்றிக்கொண்டு வந்தாள். நான் போய் மதகில் உட்காருவேன். போகப் போக ஸ்டாண்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு யாரும் கேலி பண்ணவில்லை. கேலி பண்ணின அதே பையன் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, எங்க அம்மாவும் ரொம்ப நாளா ஒரு மாதிரியா இருக்காங்க. அந்த மிஸ்ஸு பேசுவாங்களா?" என்று கேட்டான். நம்பரைக் கொடுத்தேன்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்துவிடவில்லை. ஒருநாள் பேசி முடித்த பிறகு போன வாரத்தைவிட மோசமாக, சுருண்டு படுத்துக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போனேன். "ஆறுன புண்ணு மாதிரி மேல மூடியிருந்துச்சு அண்ணே. உள்ள இருந்தது இப்பத்தான் வெளிய வருது. கூடவே இருங்க" என்றாள். நான் ஹயர் போகாமல் கூடவே இருந்தேன். டாக்டரிடமும் மாதாமாதம் கூட்டிக்கொண்டு போனேன். மெல்ல மெல்ல ஒரு பக்கத்துத் திரையைச் சுருட்டிக் கட்டச் சொன்னாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலையைப் பின்னிக்கொண்டாள். பேத்தியைத் தூக்கி அவள் மூக்கோடு மூக்கை உரசினாள். ஒருநாள் நான் சேற்றுச் செருப்போடு உள்ளே வந்ததற்கு என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். காது குளிர நின்று கேட்டேன்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பெரியம்மா குரல் கொடுத்தால் மட்டும் பழையபடி சுருங்கிப் போவாள். பெரியம்மா அதைக் கவனித்துவிட்டார். "என் மேல ஏதும் வருத்தமா புள்ளைக்கு?" என்று என்னிடம் கேட்டார். ஆட்டோவைத் துடைக்கிற சாக்கில் நழுவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். வேலை இல்லாத நாள், லயம் நிறைய ஆட்கள். வாசலில் பேன் பார்க்கிறவர்கள், கரம் விளையாடுகிறவர்கள், துணி காயப்போடுகிறவர்கள். என் வீட்டுக்காரி முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நான் பெரியம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு வந்துர்றேன்."

"இங்கயா? ஆட்டோவுல வச்சுப் பேசேன். நான் பெரியம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"இல்லங்க. அவங்க வீட்ல வச்சுத்தான் சொல்லணும். அவ இருந்த வீடு."

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வாசலைத் தாண்டிப் போனாள், அடுத்த வாசலில் ஏறினாள், கதவைச் சாத்தினாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். சாத்தி என்ன பிரயோசனம். சுவருக்கு மேலே வழியாக அவள் குரல் தெளிவாக வந்தது.

"பெரியம்மா, அன்னிக்கு மலையில நான்…"

இத்தனை மாதம் நான் கேட்கத் துடித்த விஷயம். அசையாமல் இருந்தால் போதும், தானாகக் காதில் விழும். எனக்கு மட்டுமா, அந்தப் பக்கத்துக் காம்பராவுக்கும், வாசலில் பேன் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் விழும். எழும்பி வெளியே ஓடினேன். ஆட்டோவில் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கையால் முறுக்கிப் பிடித்தேன். என் வண்டிக்கு சைலன்ஸர் ஓட்டை. அப்படி ஒரு இரைச்சல். லயமே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, என்ன இது?"

"செக் பண்றேன்."

"பொக தாங்கல, கீழ கொண்டு போய் செக் பண்ணுங்க."

"இங்கதான் செக் பண்ணணும்" என்று கத்தினேன்.

காதைப் பொத்தினார்கள், திட்டினார்கள், காய்ந்த துணியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். பைத்தியம் இவளுக்கா இவனுக்கா என்று ஒருத்தர் கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. நான் முறுக்கின கையை விடவில்லை. மணிக்கட்டு மரத்துப் போனது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. அவள் இறங்கி நேரே ஆட்டோவுக்கு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் தோளைத் தொட்டாள்.

"நிப்பாட்டுங்க. எண்ணெ வீணாப் போகுது."

நிறுத்தினேன். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா. ரெண்டு தடவ கூப்பிட்டா. நான் திரும்பிப் பாக்காம ஓடிட்டேன். பக்கத்துல நான் இல்ல. அதச் சொல்லிட்டேன்."

"பெரியம்மா என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் அவ படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் என் மொகத்தப் புடிச்சிக்கிட்டு, 'ஓடிட்டியா, நல்லவேள'ன்னாங்க."

அதைச் சொல்லி முடித்ததும் அவளுக்கு உடைந்துவிட்டது. குளவி கொட்டின நாளில் இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கூட்டாளியின் பேரைச் சொல்லிச் சொல்லி, வாய் விட்டு அழுதாள். லயத்தின் அந்த முனை வரைக்கும் கேட்டிருக்கும். என் கை தானாகச் சாவிக்குப் போனது. பிறகு கையை எடுத்துவிட்டேன்.

உள்ளே போனவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். பெரியம்மா மட்டும் கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து மெதுவாக நடந்து வந்தார். நான் இறங்கிக் கை கொடுத்தேன். ஆட்டோவில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் அழு புள்ள" என்று சொல்லி அவள் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.